ஜூஸா, ஸ்மூத்தியா? சக்கையை எடைபோட்டுப் பார்த்த பதிவு

என் மச்சான் வீடு மாறிப் போகும்போது ஒரு கோல்ட் பிரஸ் ஜூஸரை எங்கள் தலையில் கட்டிவிட்டுப் போனார். வீட்டில் ஏற்கெனவே 750 வாட் மிக்ஸி இருக்கிறது. அதில்தான் சட்னி, மாவு, பழம் எல்லாம். புது மெஷின் வந்ததும் வீட்டில் வாக்குவாதமும் வந்தது. மிக்ஸியில் அடித்தால் நார்ச்சத்தெல்லாம் செத்துவிடும், மெதுவாகப் பிழிவதுதான் நல்லது என்பது மனைவியின் கட்சி. பிழிந்தால் சக்கை குப்பைக்குப் போகிறதே, அப்புறம் என்ன சத்து என்பது அம்மாவின் கட்சி. சர்க்கரை நோய்க்கு மாத்திரை எடுக்கும் அப்பா, எது கொடுத்தாலும் குடிக்கத் தயாராக இருந்தார். சரி, தராசு இருக்கிறது, பார்த்துவிடலாம் என்று இறங்கினேன்.

கையில் இருந்தவை: நடுவில் வலைக்குழாய் வைத்த மிக்ஸி ஜூஸ் ஜார், வலை இல்லாத பெரிய ஜார், மச்சானின் ஜூஸர், ஒரு கிராம் வரை காட்டும் அடுக்களைத் தராசு, பழைய வேட்டித் துணி, குளுக்கோமீட்டர். ஒரே எடைக்குப் பழமோ காயோ எடுத்து, டம்ளருக்கு எவ்வளவு போகிறது, சக்கையில் எவ்வளவு நிற்கிறது என்று குறிப்பது. நாரையும் சர்க்கரையையும் வீட்டில் அளக்க வழியில்லை. அதற்கு அமெரிக்க வேளாண் துறையின் உணவு அட்டவணையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். நம் ஊர்க் காய்க்கும் அதற்கும் கொஞ்சம் முன்பின் இருக்கலாம். இந்தக் கணக்குக்கு அது பெரிய வித்தியாசம் செய்யாது.

முதலில் கேரட். மண் போகக் கழுவி, காம்பு நறுக்கி, 500 கிராம். ஜூஸரில் போட்டபோது சாறு 255 கிராம் இறங்கியது. சக்கை 215 கிராம். மீதி மெஷினின் சந்துகளில் ஒட்டிக்கொண்டது. பாதிக்குக் கொஞ்சம் மேல்தான் டம்ளருக்கு வருகிறது. கையில் எடுத்தால் மரத்தூள் மாதிரி உதிர்கிறது, ஆனால் வேட்டித் துணியில் கட்டி முறுக்கினால் இன்னும் கொஞ்சம் சாறு சொட்டுகிறது.

100 கிராம் பச்சைக் கேரட்டில் 2.8 கிராம் நார்ச்சத்து. ஆக நான் போட்ட அரைக் கிலோவில் 14 கிராம். கேரட் சாறில் 100 கிராமுக்கு 0.8 கிராம்தான் என்கிறது அட்டவணை. அப்படியானால் என் டம்ளரில் 2 கிராம். மற்ற 12 கிராமும் சக்கைக் கிண்ணத்தில் உட்கார்ந்திருக்கிறது. அம்மா சொன்னது சரி என்று அங்கேயே தெரிந்துவிட்டது. ஆனால் சாறை ஒரேயடியாகத் தள்ளிவிடவும் முடியாது. கேரட்டுக்கு ஆரஞ்சு நிறம் தரும் பீட்டா கரோட்டின், பொட்டாசியம் எல்லாம் கணிசமாகச் சாறோடு வந்துவிடுகின்றன. கேரட்டின் செல் சுவர் உடைந்தால்தான் கரோட்டின் வெளியே வரும். பச்சைக் கேரட்டைக் கடித்து அரைகுறையாக மென்று விழுங்குவதைவிடச் சாறில் அது சுலபமாக உடம்பில் சேரும். கொழுப்பும் கூட இருக்க வேண்டும், கரோட்டின் எண்ணெயில் கரையும் சமாச்சாரம். ஜூஸரின் வெள்ளை பிளாஸ்டிக்கில் ஆரஞ்சுக் கறை படிந்து சோப்புக்கு அசையாமல் இருந்தது. இரண்டு சொட்டு நல்லெண்ணெய் தடவித் துடைத்ததும் போய்விட்டது. அதே காரணம்தான்.

அப்புறம் கேரட்டை மிக்ஸியில் அடித்தேன். இங்கேதான் நிஜமான வேலை. பச்சையாகப் போட்டால் எவ்வளவு ஓட்டினாலும் ரவை ரவையாக நிற்கிறது. குடிக்கும்போது தொண்டையில் உராய்கிறது. வட்டமாக நறுக்கி, இட்லிப் பானையில் ஆவியில் வேகவைத்து, ஆறவிட்டு அடித்தால் வழவழவென்று வரும். ஒரு சில் தேங்காய் சேர்த்தால் கொழுப்புக் கணக்கும் தீர்ந்தது, ருசியும் கூடிற்று. இஞ்சி சுண்டு விரல் நுனி அளவு. 150 கிராம் கேரட்டுக்கு மேல் போட்டால் டம்ளர் நிறைந்து குழம்பு பதத்துக்குப் போய்விடுகிறது, யாரும் தொட மாட்டார்கள். இது எனக்கு முக்கியமாகப் பட்டது. ஜூஸாக அரைக் கிலோ கேரட்டை ஒரு மனிதர் நின்ற நிலையில் குடித்துவிடலாம். ஸ்மூத்தியாக, அதாவது வடிகட்டாமல் அடித்துக் குடித்தால், 150 கிராமிலேயே வயிறு போதும் என்கிறது.

நார்ச்சத்து செத்துவிடுமா என்ற கேள்விக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடலாம். பிளேடு நாரைச் சின்னதாக வெட்டும். காணாமல் போகச் செய்யாது. ஜாரில் 150 கிராம் கேரட் போட்டால் அதன் 4 கிராம் சொச்சம் நாரும் டம்ளரில்தான் இருக்கும், வடிகட்டாத வரை. மிக்ஸியின் வலைக்குழாயை மாட்டி அடித்தால் அதுவும் ஜூஸ் கணக்குதான். நாரை வெளியே எடுப்பது சல்லடைதான்.

நம் ஜூஸ் கடைகளிலும் இதைக் கவனித்தேன். சாத்துக்குடி, மாதுளை கேட்டால் வடிகட்டித்தான் வருகிறது. ஆப்பிள், சப்போட்டா கேட்டால் பாலும் ஐஸும் போட்டு அடித்து, பெரும்பாலும் அப்படியே ஊற்றுகிறார்கள். நார்ப்படி பார்த்தால் சப்போட்டாக்காரருக்கு லாபம். ஆனால் கரண்டியில் எடுத்துப் போடும் சர்க்கரையைப் பார்த்தால் அந்த லாபம் போன இடம் தெரியாது. “சர்க்கரை வேணாம் அண்ணே” என்று சொன்னேன். “பழம் இனிப்பு கம்மி சார், குடிக்க முடியாது” என்றார். சர்க்கரை இல்லாமலே குடித்தேன், குடிக்க முடிந்தது. வீட்டில் மனைவி சர்க்கரைக்குப் பதில் தேன் விட்டுப் பார்த்தாள். உலக சுகாதார நிறுவனம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் தேனும் பழச்சாறும் சேர்த்த சர்க்கரையோடு ஒரே பட்டியலில்தான் இருக்கின்றன. அந்த வகைச் சர்க்கரை நாளொன்றின் கலோரியில் 10 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும், முடிந்தால் 5 சதவீதத்துக்குக் கீழே. 2,000 கலோரி சாப்பிடுபவருக்கு இது 50 கிராம், 25 கிராம்.

இந்த 25 கிராமை மனதில் வைத்துக்கொண்டு சாத்துக்குடிக்கு வந்தேன். 250 மில்லி டம்ளர் நிறைய நாலு பழம் ஆயிற்று. ஆரஞ்சுச் சாறில் 100 கிராமுக்கு 8.4 கிராம் சர்க்கரை, 0.2 கிராம் நார். சாத்துக்குடியும் அந்தப் பக்கம்தான் இருக்கும் என்று வைத்துக்கொண்டால், ஒரு ஸ்பூன் சர்க்கரைகூடப் போடாத அந்த டம்ளரிலேயே 21 கிராம். ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2024 வழிகாட்டுதல், ஒரு நாளைக்கு 100 கிராம் பழமும் 400 கிராம் காய்கறி கீரையும் சாப்பிடச் சொல்கிறது. நாலு சாத்துக்குடியைத் தோலுரித்துச் சாப்பிடச் சொன்னால் என் வீட்டில் இரண்டாவது பழத்திலேயே எழுந்து போய்விடுவார்கள்.

சாத்துக்குடியை ஸ்மூத்தி ஆக்குவது மட்டும் எனக்குப் பிடிக்கவில்லை. சுளையை அப்படியே போட்டு ஓட்டினால் விதை உடைந்து கசப்பு இறங்குகிறது. விதையை எடுத்துவிட்டு, விப்பர் பொத்தானை மட்டும் விட்டு விட்டு அழுத்தினால் முதலில் நன்றாக இருக்கும். அரை மணி நேரம் வைத்தால் மறுபடி கசப்பு. சிட்ரஸ் பழங்களின் விதையிலும் சுளைத் தோலிலும் இருக்கும் ஒரு பொருள், சுளை உடைந்த பிறகு புளிப்போடு சேர்ந்து மெல்ல மெல்ல லிமோனின் என்ற கசப்புப் பொருளாக மாறுவதுதான் காரணம். அடித்த கையோடு குடித்தால் தப்பலாம். ஆனால் அவ்வளவு பாடுபடுவதற்கு உரித்துச் சாப்பிடுவது சுலபம்.

மாதுளையில் எனக்கு ஜூஸ் பிடித்திருந்தது, உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அடித்து வடிகட்டாமல் குடித்தால் விதைத் தூள் பல்லிடுக்கில் நறநறக்கிறது. ஆனால் அந்த நறநறப்புக்கு மதிப்பு இருக்கலாம் போலிருக்கிறது. பிளாக்பெர்ரி, ராஸ்பெர்ரி போன்ற விதையுள்ள பழங்களை விதையோடு அரைத்துக் கொடுத்தபோது, முழுப் பழமாகச் சாப்பிட்டதைவிட ரத்தச் சர்க்கரை குறைவாகவே ஏறியதாகச் சில சிறிய ஆய்வுகள் வந்திருக்கின்றன. அரைபட்ட விதைகளிலிருந்து வெளிவரும் நாரும் மற்றவையும் காரணமாக இருக்கலாம் என்கிறார்கள். நல்ல ஆரோக்கியத்தோடு இருந்த சில பேரை வைத்துச் செய்தவை அவை. அப்பாவைப் போன்றவர்களுக்கு அப்படியே பொருந்தும் என்று நான் எடுத்துக்கொள்ள மாட்டேன். கொய்யாவுக்கு மட்டும் இதை நினைவில் வைத்துக்கொண்டேன். கொய்யாவில் 100 கிராமுக்கு 5 கிராமுக்கு மேல் நார், வைட்டமின் சி ஆரஞ்சைவிட நாலு மடங்கு. விதையோடு அடித்தால் குடிக்கவும் முடிகிறது.

இனி வேகம். எனக்கு ஜூஸையும் ஸ்மூத்தியையும் பிரித்துக் காட்டியதில் நாரைவிட இது பெரியது. ஆப்பிளை மூன்று விதமாக வைத்தேன்: நறுக்கிய துண்டு, வடிகட்டாமல் அடித்தது, பிழிந்த சாறு. மூன்றும் ஒரே எடைப் பழம். மகள் செல்போனில் நேரம் பார்த்தாள். சாறு இரண்டு மூச்சில் போய்விட்டது. அடித்தது கொஞ்சம் இழுத்தது. கெட்டியாக இருந்ததால் நடுவில் டம்ளரைக் கீழே வைக்க வேண்டியிருந்தது. துண்டுகளைத் தின்று முடிப்பதற்குள் மகள் நேரம் பார்ப்பதை விட்டுவிட்டு டிவி பக்கம் போய்விட்டாள்.

இதே சோதனையை இங்கிலாந்தில் 1977லேயே முறையாகச் செய்திருக்கிறார்கள், லான்செட் மருத்துவ இதழில் வந்தது. ஆப்பிள், ஆப்பிள் கூழ், ஆப்பிள் சாறு. சாறை முழு ஆப்பிளைவிட 11 மடங்கு வேகத்தில் குடிக்க முடிந்தது, கூழைவிட 4 மடங்கு வேகத்தில். ரத்தச் சர்க்கரை மூன்றிலும் ஏறக்குறைய ஒரே உயரத்துக்குத்தான் ஏறியது. அதன் பிறகு நடந்ததில்தான் வித்தியாசம்: சாறு குடித்தவர்களுக்கு இன்சுலின் அதிகமாகச் சுரந்து, சர்க்கரை சடாரென்று இறங்கியது. கூழுக்கு அந்த இறக்கம் குறைவு, முழுப் பழத்துக்கு இல்லவே இல்லை. வயிறு நிறைந்த உணர்வும் பழம், கூழ், சாறு என்ற அதே வரிசையில்தான். காலையில் ஜூஸ் குடித்துவிட்டு ஆபீஸ் போனால் பத்தரை மணிக்கே வடை தேடும் என் வயிற்றுக்கு இதைவிட நல்ல விளக்கம் கிடையாது. 2009இல் வந்த இன்னொரு ஆய்வு, சாப்பாட்டுக்கு முன் ஆப்பிள் துண்டு தின்றவர்கள் அந்த வேளையில் 15 சதவீதம் குறைவாகச் சாப்பிட்டதாகச் சொல்கிறது. சாறில் நாரைத் திரும்பக் கலந்து கொடுத்தும் துண்டு அளவுக்குப் பலன் வரவில்லை. மெல்லுகிற வேலையை ஏதோ ஒரு பொடி செய்துவிடாது போலும்.

ஆக ஸ்மூத்தி இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. பிரிட்டனின் சுகாதாரத் துறை இதில் இன்னும் கறார்: ஜூஸும் ஸ்மூத்தியும் சேர்த்து ஒரு நாளைக்கு 150 மில்லிக்கு மேல் வேண்டாம் என்கிறது. பழத்தின் செல்லுக்குள் அடைபட்டிருந்த சர்க்கரை, அடிக்கும்போதும் பிழியும்போதும் வெளியே வந்துவிடுகிறது என்பது அவர்கள் வாதம். 150 மில்லி என்பது நம் வீட்டு டீ டம்ளர் ஒன்று. ஜூஸ் கடைக்காரர் நீட்டும் பெரிய கண்ணாடி டம்ளரைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் சிரிப்பு வரும்.

குளுக்கோமீட்டர் விஷயம் சீக்கிரம் முடிந்துவிட்டது. அப்பாவை இதில் இழுக்கவில்லை, என் விரலில்தான் குத்திக்கொண்டேன். சாத்துக்குடி ஜூஸுக்கும் அடித்ததற்கும் ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்ததில் இருந்த வித்தியாசம் பத்து புள்ளிக்குள். இந்த மீட்டர்களுக்கான சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 15197, 100க்கு மேல் உள்ள அளவுகளில் 15 சதவீதம் வரை முன்பின் காட்ட அனுமதிக்கிறது. 130 என்று காட்டினால் நிஜம் 115ஆகவும் இருக்கலாம், 150ஆகவும் இருக்கலாம். பத்து புள்ளி வித்தியாசத்தை வைத்துக்கொண்டு எது நல்லது என்று தீர்ப்புச் சொல்ல முடியாது. யூடியூபில் விரலைக் குத்திக் காட்டி “பாருங்கள், ஏறவே இல்லை” என்பவர்களைப் பார்க்கும்போது இப்போது எனக்கு இந்த 15தான் ஞாபகம் வருகிறது.

வாழைப்பழத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஸ்மூத்தி கெட்டியாக வர எல்லோரும் அதைத்தான் போடுகிறார்கள், நானும் போட்டேன். நறுக்கி வைத்த வாழைப்பழம் கறுக்கக் காரணமான நொதி, கூடப் போடும் பழத்தின் ஃபிளாவனால் என்ற நல்ல பொருளையும் கெடுத்துவிடும். 2023இல் வந்த ஒரு கலிஃபோர்னிய ஆய்வில், வாழைப்பழ ஸ்மூத்தி குடித்தபோது உடம்பில் சேர்ந்த ஃபிளாவனால், அதை மாத்திரையாக எடுத்தபோது இருந்ததைவிட 84 சதவீதம் குறைந்திருந்தது. திராட்சை, கோகோ மாதிரி ஃபிளாவனாலுக்காகவே சேர்க்கும் பொருள் இருந்தால் வாழைப்பழத்தைத் தவிர்க்கலாம். வெறும் பாலோடு அடிப்பவர்கள் கவலைப்பட ஒன்றுமில்லை. நான் கெட்டிக்குத் தயிருக்கு மாறிவிட்டேன்.

காய்கறிச் சாறுக்குப் பழச்சாறைவிட நல்ல பெயர். சர்க்கரை குறைவு என்பதால் அது நியாயம்தான். பீட்ரூட் சாறில் இருக்கும் நைட்ரேட் ரத்த அழுத்தத்தைக் கொஞ்சம் குறைக்கும் என்பதற்கும் நல்ல ஆதாரம் உண்டு. குடித்த மறுநாள் சிறுநீர் சிவந்தால் பயப்பட வேண்டாம், அது பீட்ரூட்டின் நிறம். ஆனால் பூங்கா வாசலில் காலை நடைக்காரர்களுக்கு வரிசையாக கேன் வைத்து விற்கும் சாறுகளில் சுரைக்காயைப் பற்றி மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். சுரைக்காய் சில சமயம் கசந்துவிடும். கசப்புக்குக் காரணமான குக்குர்பிட்டசின் விஷத்தன்மை உள்ளது. வாந்தி, ரத்த வாந்தி வரை கொண்டுபோகும். 2010இல் டெல்லியில் கசப்பான சுரைக்காய்ச் சாறு குடித்த ஒரு விஞ்ஞானி இறந்தே போனார். அதன் பிறகு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் அமைத்த குழு சொன்னது எளிமையானது: பிழிவதற்கு முன் ஒரு துண்டைக் கடித்துப் பார், கசந்தால் காயைத் தூக்கிப் போடு, மற்ற சாறோடு கலக்காதே. கடைசி வார்த்தையின் காரணம் யோசித்தால் புரியும். இஞ்சியும் எலுமிச்சையும் புதினாவும் சேர்ந்தால் கசப்பு நாக்குக்குத் தெரியாது. கேனில் இருந்து ஊற்றிக் கொடுப்பதில் யார் கடித்துப் பார்த்தார்கள் என்று நமக்கு எப்படித் தெரியும்?

கீரையும் அப்படித்தான், அளவு தெரியாமல் போனால் சிக்கல். பாலக்கில், சிறுநீரகக் கல்லுக்குக் காரணமாகும் ஆக்சலேட் அதிகம். பொரியலாக ஒரு கைப்பிடிதான் சாப்பிடுவோம். பச்சையாகப் பிழிந்தால் ஒரு கட்டு முழுக்க ஒரே டம்ளரில் அடங்கிவிடும். கேரளத்தில் கொழுப்பு குறையும் என்று நம்பிப் புளிச்சிக்காய் என்னும் பிலிம்பிக் காயைச் சாறாக்கிக் குடித்தவர்களுக்குச் சிறுநீரகம் செயலிழந்ததை மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள், அங்கேயும் வில்லன் ஆக்சலேட்தான். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் பொட்டாசியம் கணக்கையும், ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் மாத்திரை எடுப்பவர்கள் கீரையின் வைட்டமின் கே கணக்கையும் டாக்டரிடம் கேட்காமல் எந்தப் பச்சைச் சாறையும் தொடாமல் இருப்பது நல்லது.

மிக்ஸி வேலையில் கைக்கு வந்த சில விஷயங்கள். தண்ணீரோ தயிரோ முதலில் ஜாருக்குள் போக வேண்டும், பழம் அதன் மேல். மாற்றிப் போட்டால் பிளேடு நடுவில் குழி பறித்துக்கொண்டு வெறும் காற்றில் சுற்றும். உறைந்த பழத்தைக் கல் மாதிரி போட்டால் மிக்ஸி திணறி நின்றுவிடும். அடியில் இருக்கும் சிவப்புப் பொத்தானை, கொஞ்சம் ஆறவிட்டு அழுத்தினால் மறுபடி ஓடும். பத்து நிமிடம் வெளியே வைத்துவிட்டுப் போடுவது உத்தமம். அடித்ததை ஃபிரிட்ஜில் வைக்க வேண்டுமென்றால் அரை மூடி எலுமிச்சை பிழிந்தால் கறுப்பது மட்டுப்படும். ஜூஸரைக் கழுவுவது தனிக் கதை. சாறு இறங்கப் பிடித்ததைவிட வலையின் துளைகளில் அடைத்த நாரைப் பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து எடுக்கப் பிடித்த நேரம் அதிகம், அதுவும் காய்வதற்குள் செய்தாக வேண்டும்.

இப்போது வீட்டில் நிலைத்திருப்பது இதுதான்: பப்பாளி 100 கிராம், தோலோடு வெள்ளரி 80 கிராம், கெட்டித் தயிர் மூன்று ஸ்பூன், வறுத்துப் பொடித்த ஆளி விதை ஒரு ஸ்பூன், கொஞ்சம் தண்ணீர், ஒரு சிட்டிகை உப்பும் மிளகும். இரண்டு பேருக்கு வரும். பப்பாளியை வெள்ளரி அடக்கிவிடுவதால் தித்திப்பு அதிகம் தெரியாது. வாரத்தில் சில நாள் பப்பாளிக்குப் பதில் கொய்யா. அப்பாவுக்கு இதெல்லாம் கிடையாது; அவர் தட்டில் நாலு துண்டு கொய்யா, மிளகாய்த்தூள் தூவி. டாக்டரும் அதற்குத் தலையாட்டிவிட்டார். அப்பாவுக்கு மட்டும் கொஞ்சம் வருத்தம்.

கேரட் சக்கையை அம்மா அடை மாவில் கலந்தார்கள், நன்றாகவே இருந்தது. ஆனால் அடை சுடுவதற்காக யாரும் ஜூஸ் பிழிய மாட்டார்கள் இல்லையா. கோல்ட் பிரஸ் ஜூஸர் இப்போது தேங்காய்ப் பால் எடுக்கப் பயன்படுகிறது. தேங்காயைச் சின்னச் சின்னதாகக் கீறி, வெதுவெதுப்பான தண்ணீரில் பத்து நிமிடம் ஊறவிட்டு, தண்ணீரோடு கொஞ்சம் கொஞ்சமாக விட்டால் கெட்டியாக இறங்குகிறது. சில மாடல்களில் தேங்காய் போடக் கூடாது என்று கையேட்டிலேயே இருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள். மச்சான் வந்து மெஷினைத் திருப்பிக் கேட்டால் என்ன செய்வது என்பதுதான் மனைவியின் இப்போதைய கவலை.